எதிரெதிரே உட்கார அக்கா செய்த ஜன்னல் இருக்கை

அக்கா மறைந்து ஓராண்டு நிறைவடைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களும் நண்பர்களும் அக்காவிடம் கடைசியாக மனம்விட்டுப் பேசியது எப்போது என்று நினைத்துப் பார்த்தால், பலருக்கும் பல வருடங்கள் பின்னால் போக வேண்டியிருக்கும். அதில் யார் மீதும் குறையில்லை. அக்காவுக்குக் காது கேட்காமல் போன பிறகு பார்க்க வந்தவர்கள் நலம் விசாரித்தார்கள், கையைப் பிடித்துக்கொண்டார்கள், காபி குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். அக்காவும் சிரித்து வழியனுப்பினார். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருந்தவரைப் பற்றி உடன்பிறந்தவள் என்ற முறையில் நான் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்ல மாட்டார்கள் என்பதால் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது தொம்மலூரில். வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து தொழிற்சாலை வேலைக்காகப் பெங்களூர் வந்த எங்கள் அப்பாவுக்கு மூத்த மகள். நான் இளையவள். நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோதே அம்மா காலமானார். அதன்பின் எனக்குத் தலை பின்னிவிட்டதும், ஜுரம் வந்தால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதும், வீட்டில் தமிழும் வெளியில் கன்னடமுமாக எனக்காகச் சண்டை போட்டதும் அக்காதான். படிப்பு முடிந்ததும் தேர்வெழுதி, தொலைபேசி இணைப்பகத்தில் ஆபரேட்டராகச் சேர்ந்தார். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வெளியூர் அழைப்புகளை இணைத்துக் கொடுக்கும் வேலை. தமிழ், கன்னடம், ஆங்கிலம், உருது கலந்த இந்தி என்று எந்த மொழியில் யார் பேசினாலும் பதில் சொல்லுவார். பெயரைச் சொல்வதற்கு முன்பே குரலை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடுவார் என்று உடன் வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள்.

அப்படிப்பட்டவருக்குத்தான் நாற்பதைத் தாண்டியதும் காது மந்தமாக ஆரம்பித்தது. ஹெட்போனால் வந்தது என்று எல்லோரும் சொன்னோம். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. பிறப்பிலேயே இருந்த நரம்புக் குறை, வயது ஏற ஏறத் தெரிகிறது என்றார். இணைப்பகம் தானியங்கியாக மாறியபின் அக்காவைப் பில் கட்டும் கவுண்டரில் உட்கார வைத்திருந்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பவர்கள் சொல்வது புரியாமல் திரும்பத் திரும்பக் கேட்க, அவர்கள் எரிந்து விழுந்தார்கள். யாரிடமும் எதுவும் சொல்லாமல் அக்கா விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டார். காதுக் கருவி வாங்கினோம். “சத்தம் கேக்குது. பேச்சு கேக்கல” என்று ஒரே வரியில் அதைப் பற்றிச் சொல்லி முடித்தார்.

அக்காவின் கணவர், எங்கள் மாமா இருந்தவரை அந்தக் குறை வெளியில் தெரியவில்லை. அச்சகத்தில் வேலை பார்த்த மாமா, அதிகம் பேசாத மனிதர். பிள்ளைகள் இல்லாத அந்த வீட்டில் இருவரும் ஒருவருக்கொருவர் போதுமானவர்களாக இருந்தார்கள். யார் எது சொன்னாலும் மாமா அக்காவின் பக்கம் முகத்தைத் திருப்பி, சத்தம் போடாமல், உதட்டை நன்றாக அசைத்து ஒருமுறை சொல்லுவார். அக்கா அவர் உதட்டைப் பார்த்தே எல்லாவற்றையும் புரிந்துகொண்டார். கல்யாண வீடுகளில் அக்கா எல்லோரோடும் பேசிச் சிரித்ததைப் பார்த்தவர்கள், இடையில் மாமா நின்றதைக் கவனித்திருக்க மாட்டார்கள்.

மாமா நுரையீரல் கோளாறால் இறந்தபோது அக்காவுக்கு மனிதர்களோடு இருந்த வழியும் அடைபட்டது.

அப்போது அவரைப் பெங்களூரின் ஓரத்திலிருக்கும் சந்தாபுராவுக்கு, எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்தேன். தனியாக விட எனக்கு மனமில்லை. என் கணவர், மகள், மாமியார், டிவி சத்தம் என்று எப்போதும் கலகலப்பாக இருக்கும் வீடு. அக்கா சந்தோஷமாகவே இருக்கிறார் என்று நினைத்தோம். சாப்பாட்டு மேசையில் ஒருவர் பேசி முடிப்பதற்குள் இன்னொருவர் தொடங்குவோம். அக்கா யாருடைய வாயைப் பார்ப்பது என்று தெரியாமல் முகங்களை மாறி மாறிப் பார்ப்பார். நாங்கள் சிரித்து முடிக்கும்போது அவர் சிரிக்கத் தொடங்குவார். உதட்டில் ‘மாமா’வும் ‘பாப்பா’வும் ஒன்றுபோலவே தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. என் மகள் ஒருநாள் பக்கத்து வீட்டுப் பாப்பாவைப் பற்றி ஏதோ சொல்ல, அக்கா திடுக்கிட்டு, “மாமாவா? நம்ம மாமாவா?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார். எல்லோரும் சிரித்துவிட்டோம். அக்கா தட்டில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார்.

சில மாதங்களில் தொம்மலூரில் மாமாவோடு வாழ்ந்த வீட்டுக்கே திரும்பிப் போவதாகச் சொன்னார். நான் அழுதேன். “அங்க தனியா இருந்தா தனியா இருக்கேன், அவ்ளோதான். இங்க எல்லாரும் இருந்துக்கினு தனியா இருக்கறது என்னால ஆவாதுடி” என்றார்.

தொம்மலூர் வீடு இரண்டாவது மாடியில் இருக்கிறது. கூடத்தில் கிழக்குப் பார்த்த பெரிய ஜன்னல். அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பழைய சோபா கிடந்தது. நான் அடுத்த முறை போனபோது சோபாவைக் காணோம். கீழ் வீட்டு சரோஜம்மாவின் மருமகனுக்குக் கொடுத்துவிட்டாராம். ஜன்னலுக்குக் கீழே தரையில் சாக்பீஸால் நீளமாக ஒரு கட்டம் வரைந்திருந்தார். ஒரு பக்கத்துச் சுவரிலிருந்து மறுபக்கத்துத் தூண் வரை போயிற்று அந்தக் கட்டம்.

“செருப்ப விட்டுட்டு இங்க வந்து உக்காரு” என்றார். கட்டத்தின் ஒரு கோடியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். எதிர்க்கோடியில் அக்கா உட்கார்ந்தார்.

“கால நீட்டு.”

“எதுக்குக்கா?”

“உனக்கு முட்டி வலி, மடக்கினு ரொம்ப நேரம் உக்கார முடியாது. நீட்டு. இப்ப ஏதாச்சும் பேசு.”

நான் வழக்கம்போல உரக்கப் பேசினேன். அக்கா கையை உயர்த்தி நிறுத்தினார். “கத்தாத. கத்தினா வாய் கோணிக்கினு போவுது, ஒண்ணும் புரியல. சாதாரணமா பேசு.”

வீட்டில் எல்லோரும் நலம், வரும் வழியில் நெரிசல் தாங்கவில்லை என்று மெல்லச் சொன்னேன். ஜன்னல் வெளிச்சம் என் முகத்தில் விழுந்தது. அக்கா இன்னும் கொஞ்சம் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, “இப்ப இன்னொரு தபா” என்றார். சொன்னேன். ஒரு வார்த்தை தவறாமல் திருப்பிச் சொன்னார்.

அதன்பிறகுதான் விளக்கினார். சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் முகம் தெரியாது. ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தவர் முகம் இருட்டாக இருக்கும். இப்படிச் சுவரிலிருந்து தூண் வரை ஓர் இருக்கை அமைத்து இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்தால் இருவர் முகத்திலும் பக்கவாட்டில் வெளிச்சம் விழும். “மாமா முகத்த நான் எந்த வெளிச்சத்துலயும் படிச்சிடுவேன். மத்தவங்க முகத்துக்கு எனக்கு இது வேணும்” என்றார்.

தச்சு வேலைக்கு வந்தவர் பெயர் சுரேந்தர். ராஜஸ்தானிலிருந்து வந்தவர், அப்போது நாற்பது வயது இருக்கலாம். தமிழ் தெரியாது. கன்னடம் அரைகுறை. சுவரில் கரியால் படம் போட்டும் கைகளை விரித்துக் காட்டியும் அக்கா தனக்கு வேண்டியதைப் புரிய வைத்திருக்கிறார். பிளைவுட் பலகை எட்டடி நீளத்தில்தான் வரும், இருக்கையோ அதைவிட நீளம். எட்டடியோடு நிறுத்திக்கொண்டால் ஒட்டே இல்லாமல் ஒரே பலகையில் முடித்துவிடலாம் என்பது அவர் யோசனை. தூணுக்கும் இருக்கைக்கும் நடுவே சந்து விடுவதில் அக்காவுக்குச் சம்மதமில்லை. அதே சமயம் பலகையில் ஒட்டும் தெரியக்கூடாது. மழைச்சாரல் அடிக்கிற ஜன்னல், ஒட்டு வாய் திறந்தால் அந்த இடத்தில் தண்ணீர் இறங்கிப் பலகை உப்பிவிடும் என்றார். அதற்கும் மேல் அவருடைய பிடிவாதம் ஒன்று இருந்தது. எந்த வேலையானாலும் பாதியில் விட்டது போலத் தெரியக்கூடாது அவருக்கு.

முதல் தடவை சுரேந்தர் இரண்டு பலகைகளையும் நடுவில் சேர்த்து, இடுக்கில் புட்டிப் பசை அடைத்துத் தேய்த்து, மேலே மைக்காத் தகடு ஒட்டிக் கொடுத்தார். பார்க்க அழகாகவே இருந்தது. வாரக் கடைசியில் மழை பெய்தது. அடுத்த நாள் காலையில் வெயில் சாய்வாக விழுந்தபோது, மைக்காவின் மேல் மெல்லிய கோடு ஒன்று புடைத்துத் தெரிந்தது. அக்கா அவரை வரவழைத்து, தரையில் குந்த வைத்து, பலகை மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுவரச் செய்து காட்டியிருக்கிறார். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தன் தலையில் தானே ஒரு தட்டு தட்டிக்கொண்டு, மைக்காவை உரித்துப் போட்டுவிட்டார்.

இரண்டாம் தடவை வேலை நடந்துகொண்டிருந்தபோது நான் போனேன். கதவு திறந்தே இருந்தது. கூடம் முழுக்க மரத்தூள். அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்து உப்புத்தாளால் ஒரு பலகையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சுரேந்தர் எதையோ காட்டி இரண்டு கைகளையும் குறுக்கே வைத்தார். அக்கா தலையை ஆட்டி மறுத்து, மூன்று விரல்களைக் காட்டி, அடியில் இருந்த மூன்றாவது தடுப்பைத் தட்டிக் காட்டினார். சுரேந்தர் நெற்றியில் அறைந்துகொண்டார். அக்கா வாய்விட்டுச் சிரித்தார். மாமா போன பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. சொந்தத் தங்கையான எனக்குத் தெரியாத ஒரு பாஷையில் அக்கா பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்து, வாசலிலேயே கொஞ்ச நேரம் விருந்தாளியைப் போல நின்றேன்.

என்னைக் கண்டதும் சுரேந்தர் எழுந்து வணக்கம் சொன்னார். அக்காவைக் கை காட்டி, “நிம்ம அக்கா தும்பா மாத்தாட்தாரே” என்றார். உங்கள் அக்கா நிறையப் பேசுகிறார்கள் என்று அர்த்தம். நாங்கள் எல்லோரும் ‘பாவம், ஊமை மாதிரி ஆகிவிட்டாள்’ என்று சொல்லிக்கொண்டிருந்தவரைப் பற்றி ஒரு மனிதர் இப்படிச் சொன்னார். அதை அக்காவிடம் சொன்னேன். “பின்ன? அவருக்கு என் பாஷ தெரியாது, எனக்கு யார் பாஷயும் கேக்காது. ரெண்டு பேரும் ஒண்ணுதான்” என்றார். சுரேந்தரின் போனில் அவருடைய மகளின் போட்டோவை அக்கா பார்த்திருந்தார். அவள் என்ன வகுப்பு, எந்தப் பல் விழுந்திருக்கிறது என்பது வரைக்கும் தெரிந்து வைத்திருந்தார்.

இந்த முறை ஒட்டு, அடியில் நிற்கும் தடுப்பின் மேல் சரியாக வந்து உட்காரும்படி பலகைகளை அறுத்தார்கள். இரண்டு விளிம்பையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து இழைத்து, பசை தடவி நெருக்கி, அடியில் ஒரு பட்டியை வைத்துக் கீழிருந்தே திருகாணி முடுக்கினார்கள். மரத்தூளைப் பசையில் குழைத்து இடுக்கில் அடைத்துத் தேய்த்தார்கள். அதன் மேல் தேக்கு வெனீர், அதாவது தாள் போல மெல்லிய தேக்குத் தகடு. வெனீரின் ஒட்டும் பலகையின் ஒட்டும் ஒரே இடத்தில் வராமல் மாற்றிப் போட்டார்கள். முன்பக்க விளிம்பில் தேக்குச் சட்டம் ஓடி எல்லா அடுக்குகளையும் மறைத்தது. மேல்பலகையைத் திறக்கும் மூடியாக வைத்தால் அங்கே ஒரு கோடு வரும் என்று, சாமான் வைக்கும் கதவுகளை முன்பக்கத்தில் வைத்துக்கொண்டார் அக்கா. மெருகு காய்ந்த பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை விரலை ஓட்டினார். என்னையும் ஓட்டச் சொன்னார். எங்கே ஒட்டு என்று என்னால் சொல்ல முடியவில்லை. சுரேந்தர் சிரித்துக்கொண்டே நின்றார். வேலை முடிந்தது, அவர் வருவதும் நின்றது. அந்த வாரம் அக்கா எனக்கு அனுப்பிய செய்தியில் ‘வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது’ என்று எழுதியிருந்தார். காது கேட்காத ஒருவர் அப்படி எழுதியதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருக்கை தயாரானது. உட்கார ஆள் வரவேண்டுமே. அக்கா பல பேருக்குச் செய்தி அனுப்பினார். ஊர் பெரிது, எல்லோருக்கும் வேலை, போக்குவரத்து ஒரு பெரும்பாடு. கீழிருந்து சரோஜம்மா சில சாயங்காலங்களில் ஏறி வந்து கன்னடத்தில் ஊர்க்கதை பேசிவிட்டுப் போவார். அவர் உதடு தெளிவாக இருக்கிறது என்று அக்கா பாராட்டுவார். மற்ற நாட்களில் ஒரு கோடியில் அக்கா, எதிர்க்கோடியில் ஒரு தலையணை. தெருவில் ஆபீஸ் போகிறவர்கள் போனில் பேசிக்கொண்டே நடப்பதை மேலிருந்து பார்த்து, யார் வீட்டில் என்ன சண்டை என்று உதட்டைப் படித்து எனக்குச் செய்தி அனுப்புவார். படித்துச் சிரிப்பேன். பிறகு மனசு கனக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தோம். அக்கா திடீரென்று கையை நிறுத்திவிட்டு, “உங்கிட்ட ஒண்ணு கேக்கணும். நீ நிதானமா சொல்லு” என்றார்.

மாமாவின் கடைசி நாளைப் பற்றிக் கேட்டார். தீவிர சிகிச்சைப் பிரிவில் கட்டிலுக்கு ஒரு பக்கம் அக்காவும் மறுபக்கம் நானும் நின்றிருந்தோம். மாமா அக்காவைப் பார்த்து ஏதோ சொன்னார். அதன்பின் அவர் பேசவில்லை.

“வாய் மேல ஆக்சிஜன் மாஸ்க். எனக்கு உதடே தெரியல. நர்ஸப் பாத்தேன், அந்தப் பொண்ணும் மாஸ்க் போட்டுக்கினு இருந்தா. உன்னப் பாத்தேன், நீயும் மாஸ்க். சும்மா தலய ஆட்டிட்டேன். அவரும் புரிஞ்சுதுன்னு நெனச்சிக்கினே போய்ட்டாரு.”

அக்காவுக்கு அது கேட்டிருக்காது என்று எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை. அவர் தலையை ஆட்டியதை நானும் பார்த்திருந்தேன்.

“இத்தன நாளா ஏன்க்கா கேக்கல?”

“எப்படிக் கேப்பேன்? எனக்குப் புரியணும்னா நீங்க எல்லாரும் கத்துவீங்க. அவர் கடைசியா சொன்னத வீடு பூரா கேக்கற மாதிரி கத்திச் சொல்ல வெக்க எனக்கு மனசு வரல.”

பட்டாணித் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு அவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன். வெளிச்சம் என் முகத்தில் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டேன். மெல்லச் சொன்னேன்.

“செருப்பு எங்கன்னு கேட்டாரு. தரை ஜில்லுன்னு இருக்கும், செருப்பப் போட்டுக்கோன்னு சொன்னாரு.”

அக்கா என் உதட்டையே பார்த்தார். “நெருப்பா?”

குனிந்து என் பாதத்தைத் தொட்டுக் காட்டினேன். “செருப்பு. உள்ள செருப்பு போடக்கூடாதுன்னு வெளியில விட்டுட்டு வந்தோமே. நீ வெறும் கால்ல நின்னத பாத்துட்டாரு.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான்க்கா.”

“நான் என்னென்னமோ நெனச்சிக்கினு இருந்தேன்டி” என்றார். முதலில் சிரித்தார். சிரிப்பு வந்த வேகத்திலேயே அழுகை வந்தது. முழங்காலைக் கட்டிக்கொண்டு, தன் கால்விரல்களைப் பார்த்தபடியே வெகுநேரம் அழுதார். அவர் என் முகத்தைப் பார்க்காத நேரத்தில் பேசிப் பயனில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தபோது, “இன்னொரு தபா சொல்லு” என்றார். மறுபடியும் சொன்னேன். அன்று மதியம் சாப்பிடும்போதும் ஒருமுறை சொல்லச் சொன்னார்.

அதன்பிறகு வந்த ஞாயிறுகள் எங்கள் இருவருக்கும் நல்ல நாட்கள். அம்மாவைப் பற்றி, அப்பாவைப் பற்றி, என் மகளின் வேலையைப் பற்றி எல்லாம் பேசினோம். பெரிய காலம் ஒன்றும் கிடைக்கவில்லை. அக்காவின் இதயம் பலவீனப்பட்டு வந்தது. ஒரு மழைக்காலத்தில் மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நினைவு இருந்தவரை என் முகத்தைப் பார்த்துப் பேசினார். ஜன்னல் கதவைச் சாத்தினாயா, சாரல் அடிக்குமே என்று கேட்டார். சாத்தினேன் என்றேன். அடுத்த நாள் கண்ணைத் திறக்கவில்லை. பார்க்க வந்த உறவினர் ஒருவர், “காதுகிட்ட குனிஞ்சு சொல்லும்மா, கடைசி வரைக்கும் காது கேக்கும்” என்றார். நல்லெண்ணத்தில் சொன்னார். கண்ணை மூடிய அக்காவிடம் பேச எனக்கு எந்த வழியும் இருக்கவில்லை. கையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் அக்கா போய்விட்டார்.

அக்காவின் கடைசி நாட்களில் உடனிருந்து கவனித்த மருத்துவர்களுக்கும், அக்காவிடம் பேசும்போது மட்டும் கொஞ்சம் தள்ளி நின்று மாஸ்க்கைக் கீழே இறக்கிப் பேசிய அந்தச் செவிலியருக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். அக்காவுக்கு மூச்சு முட்டிய அன்று முதலில் மேலே ஏறி வந்து பார்த்து, ஆம்புலன்ஸுக்குச் சொல்லி, நான் வந்து சேரும்வரை துணையிருந்த சரோஜம்மாவுக்கு என்றென்றும் கடமைப்பட்டிருக்கிறோம். செய்தி கேட்டு ஊருக்கு வெளியே இருந்த வேலையை விட்டுவிட்டு வந்து, அக்காவைத் தூக்க என் கணவரோடு தோள் கொடுத்த சுரேந்தருக்கு என்ன மொழியில் நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. காரியங்கள் குறைவில்லாமல் நடக்க உதவிய உறவினர்கள், அண்டை அயலார், இந்த ஆண்டு நிறைவுக்கு வந்திருக்கும் அனைவருக்கும் கைகூப்பி நன்றி கூறுகிறோம்.

அக்காவோடு பேசிப் பேசி எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. யாரிடம் பேசினாலும் முதலில் வெளிச்சம் எந்தப் பக்கம் என்று பார்த்து நிற்கிறேன். எதிரில் இருப்பவர் முகத்தை நேராகப் பார்த்து, ஒவ்வொரு வார்த்தையாக, உதட்டை நன்றாக அசைத்துச் சொல்கிறேன். “அம்மா, எனக்கு நல்லாத்தான் காது கேக்குது, ஏன் இப்படிப் பேசற?” என்று என் மகள் கேட்கிறாள். காய்கறிக் கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார். மாற்றிக்கொள்ள வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைக்கிறேன். மாற்றிக்கொள்ள மனம் வரவில்லை.